பதினான்காம் அறை காலி என்று எழுதினேன்

1. நாற்பத்தொரு சாவிகள்

தாவரவியல் துறையில் எனக்கு டெக்னிக்கல் ஆபீசர் பதவி உயர்வு வந்த அன்று காலை, துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, இரும்புக் கம்பியில் கோத்த நாற்பத்தொரு சாவிகளை மேசைமேல் வைத்தார்.

"தமிழரசி மேடம், இனிமே ரூம் விஷயம் பூராம் நீங்கதான். யாருக்கு எந்த ரூம், எம்புட்டு எடம், எல்லாம். என்கிட்ட ஒருத்தரும் வரக்கூடாது."

கடைசி வரியைச் சொல்லும்போதுதான் அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. நல்ல மனிதர். ஆனால் சண்டை என்றாலே அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

நான் அந்தத் துறைக்கு பீக்கர் கழுவ வந்தவள். திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து, கண்ணாடிச் சாமான் கழுவி, பூஞ்சை வளர்க்கிற மீடியா காய்ச்சி, கிருமி கொல்லும் ஆட்டோகிளேவ் ஓட்டி, படிப்படியாக மேலே வந்தேன். எந்தக் குழாய் ஒழுகும், எந்த பிளக்கில் ஷாக் அடிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ரூம் கொடுப்பது என்ன பெரிய வேலை என்றுதான் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். மத்தியானத்துக்குள் திமிர் இறங்கிவிட்டது. பன்னிரண்டு சாவிகள் எந்தப் பூட்டுக்கும் சேரவில்லை. ஒன்பது பூட்டுகளுக்குச் சாவியே இல்லை.

அலுவலக உதவியாளர் காசிமாயன் அண்ணன் என் பின்னாலேயே வந்தவர், சிரித்துவிட்டார்.

"மேடம், இது நம்ம பூட்டே இல்ல. சார்மாரு சொந்தமா கடையில வாங்கி மாட்டுன பூட்டு. நீங்க என்னத்த திருகுனாலும் தொறக்காது."

பதிவேட்டில் எல்லா அறையும் துறைக்குச் சொந்தம். நடப்பில், யார் பூட்டோ அவர் அறை. ஒரு பேராசிரியர் ஓய்வு பெறும்போது சாவியை ஆபீசில் ஒப்படைக்க மாட்டார். தனக்குப் பிடித்த மாணவர் கையில் கொடுத்து, "பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த மாணவர் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போயிருப்பார். பூட்டு மட்டும் இங்கே தொங்கிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம், ஆராய்ச்சி மாணவர்கள் மாடிப்படிக்குக் கீழே ஸ்டூல் போட்டு மைக்ரோஸ்கோப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது.

2. டேப்பும் நூலும்

முதலில் அளந்தேன். காசிமாயன் அண்ணன் டேப்பின் ஒரு நுனியைப் பிடிக்க, நான் மறுநுனியைப் பிடிக்க, மூன்று வாரம் அளந்தோம். அறையின் நீள அகலத்தை விட்டுவிட்டு, வேலை செய்யும் மேடையை அளந்தேன். ஆராய்ச்சி மாணவருக்கு அறை எதற்கு? நின்று வேலை பார்க்க மேடை வேண்டும், ஒரு பவர் பிளக் வேண்டும், ஃபிரிட்ஜில் ஒரு தட்டு வேண்டும். ஆளுக்கு ஐந்து ரன்னிங் அடி மேடை என்று கணக்குப் போட்டேன். "எனக்கு ஒரு ரூம் ஒதுக்குங்க மேடம்" என்று வந்த பேராசிரியர்களிடம், "எத்தனை ஸ்காலர் சார்? மூணா? பதினஞ்சு அடி" என்றேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் போனார்கள்.

அடுத்து, எந்த அறை உண்மையில் புழங்குகிறது என்று பார்க்க வேண்டும். கேட்டால் எல்லாரும், "டெய்லி யூஸ் பண்றோம்" என்பார்கள். அதனால் நான் ஒரு வழி செய்தேன். திங்கட்கிழமை காலையில் பூட்டிய ஒவ்வொரு கதவிலும், பூட்டுக்கும் நிலைக்கும் நடுவே வெள்ளைத் தையல் நூல் ஒன்றைப் பசை வைத்து ஒட்டுவேன். வெள்ளிக்கிழமை போய்ப் பார்ப்பேன். நூல் அறுந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். எட்டு வாரம் தொடர்ந்து அறாமல் இருந்தால் ஒரு வாரம் அவகாசம் கொடுத்துச் சுற்றறிக்கை விட்டு, மறுப்பு வராவிட்டால் பதிவேட்டில் 'காலி' என்று எழுதி, தலைவரிடம் கையெழுத்து வாங்கி, அறையை எடுத்துக்கொள்வேன்.

இப்படி ஐந்து அறைகள் கிடைத்தன. ஒன்றில் உடைந்த நாற்காலிகள். இரண்டில் பழைய விடைத்தாள் கட்டுகள். ஒன்றில் வெறும் ஒட்டடை. இன்னொன்றில், சத்தியமாகச் சொல்கிறேன், ஆறு மூட்டை நெல். யார் வயலில் விளைந்த நெல் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஐந்து அறைகளில் பதினேழு ஸ்காலர்களை உட்கார வைத்தேன். மாடிப்படிக்குக் கீழே இருந்த ஸ்டூல்களை எல்லாம் காசிமாயன் அண்ணன் ஒரே நாளில் தூக்கிவிட்டார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை. பெருமை கொஞ்சம் முற்றினால் என்ன ஆகும் என்பதை இனிமேல் சொல்கிறேன்.

3. அணில் தின்ற ரெப்ளிகேட்

முத்துச்செல்வி கொட்டாம்பட்டிப் பக்கத்து கிராமத்துப் பெண். அப்பா அம்மா இரண்டு பேரும் வெகுகாலம் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். பிறகு ஒன்றரை ஏக்கர் சொந்தமாக வாங்கியவர்கள். அவள் ஆராய்ச்சி, குதிரைவாலி விதை எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பது. பேரையூர் பக்கம் ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் அந்த வருஷத்து விதையை வாங்கி வந்திருந்தாள். அதைத் தொண்ணூறு நாள் ஒரே வெக்கையில், ஒரே ஈரப்பதத்தில் வைத்து, பத்து நாளுக்கு ஒரு தடவை எடுத்து முளைக்கப் போட்டு எண்ண வேண்டும்.

அவளுடைய கைடு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவருடைய லேப் புதிதாக வந்த ஆசிரியருக்குப் போய்விட்டது. பெயருக்குத் துறைத் தலைவரை கைடாகப் போட்டிருந்தார்கள். அவருக்கு லேபே கிடையாது. நான் பதினேழு பேருக்கு மேடை பிரித்துக் கொடுத்தபோது இவள் ஊர் ஊராக விதை வாங்கிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது ஓரடி மிச்சமில்லை. வராந்தாவில், லேடீஸ் டாய்லெட் பக்கத்தில், ஒரு மேசை போட்டுத் தட்டுகளை அடுக்கியிருந்தாள். ஒருநாள் காலை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் காலித் தட்டு.

"மேடம், அணில் ஒரு ரெப்ளிகேட்டையே தின்னுருச்சு."

ஒரே விதையைப் பல தட்டுகளில் போட்டு ஒத்துப் பார்ப்பார்கள்; அதில் ஒரு தட்டுதான் ரெப்ளிகேட். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"எனக்குக் கடைசி எக்ஸ்டென்ஷன் மேடம். ஆறு மாசந்தான் இருக்கு. இதுக்கு மேல யுனிவர்சிட்டி ஒரு நாள் தராது. தொண்ணூறு நாள் ட்ரையல், அதுக்கு மேல எழுதணும், டைப் பண்ணணும். அடுத்த திங்கக்கெழமை ஆரம்பிக்கலன்னா என் அஞ்சு வருஷமும் போச்சு. விதையும் இந்த வருஷத்து விதை, திரும்ப வாங்க முடியாது."

அழவில்லை, கெஞ்சவில்லை. தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அதை என் மேசையில் வைத்துவிட்டு நின்றாள். எனக்குப் பிடித்துப்போயிற்று.

பதிவேட்டைப் புரட்டினேன். பதினான்காம் அறை. பேராசிரியர் இராஜமாணிக்கம் சாரின் மூன்று அறைகளில் ஒன்று. நூல் ஒட்டி எட்டு வாரம் முடிந்து, ஒன்பதாவது வாரமும் கடந்திருந்தது. நூல் அப்படியே இருந்தது. சுற்றறிக்கை விட்டு அந்த ஒரு வாரமும் முடிந்துவிட்டது, மறுப்பு இல்லை. சார் தேர்வு வேலையாகக் கோயம்புத்தூர் போயிருந்தார். ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. பெரிய மனிதர், பேச ஆரம்பித்தால் தர மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் திரும்பி வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

'அறை 14 — காலி' என்று எழுதினேன். தலைவர் கையெழுத்துப் போட்டார்.

4. உள்ளே இருந்தது

முத்துச்செல்வியின் விதையை முளைக்க வைக்கும் ஜெர்மினேட்டர் பெட்டிக்குத் தனி லைன் இழுக்க வேண்டும். வியாழக்கிழமை காலையில் எலக்ட்ரீஷியன் வந்தார். அறை காலி என்று உத்தரவில் இருந்ததால், வராந்தா போர்டிலேயே அந்த அறையின் லைனை ஆஃப் செய்துவிட்டு, வயரை நிலை வரைக்கும் இழுத்துவைத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை காலை காசிமாயன் அண்ணன் பூட்டை அறுத்தார். முத்துச்செல்வியும் சேர்த்து நாங்கள் மூன்று பேரும் உள்ளே போனோம்.

ஒரே இருட்டு. பழைய ஜர்னல் கட்டுகள், ஓடாத சென்ட்ரிஃப்யூஜ், அட்டைப்பெட்டிகள். நான் நினைத்தது சரிதான் என்று ஒரு நிமிஷம் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். அதற்குள் முத்துச்செல்வி மூலையில் ஒரு திரையை விலக்கினாள். பின்னால் ஃபிரிட்ஜ். திறந்தாள். விளக்கு எரியவில்லை. அடியில் தண்ணீர் கட்டியிருந்தது.

"மேடம், இது ஓடிக்கிட்டு இருந்த ஃபிரிட்ஜ்" என்றாள்.

உள்ளே வரிசை வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள், தொண்ணூற்றாறு. ஒவ்வொன்றிலும் சார் கையெழுத்தில் லேபிள். பருத்தியிலும் கடலையிலும் வரும் பூஞ்சைகள். இருபது வருஷத்துக்கு மேல் அவர் காடு காடாக அலைந்து சேர்த்து, உயிரோடு வளர்த்து வைத்த கல்ச்சர்கள். இப்படிக் கல்ச்சரைக் குளிரில் வைத்துவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புது மீடியாவுக்கு மாற்றினால் போதும். நடுவில் யாரும் அறையைத் திறக்கக்கூட மாட்டார்கள். திறக்காமல் இருப்பதுதான் அதைப் பாதுகாக்கும் முறை. இது எனக்குத் தெரியாதா? அந்த மீடியாவை எத்தனையோ வருஷம் காய்ச்சியவளே நான்தானே! நூலைப் பார்த்தேன்; உள்ளே என்ன இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. இருபத்தாறு வருஷ சர்வீஸ் எதற்கு? வெட்கமாக இருந்தது.

"ஐஸ் வேணும் மேடம், இப்பவே. பக்கத்து லேப் ஃபிரிட்ஜுல ரெண்டு தட்டு காலி பண்ணச் சொல்லுங்க" என்றாள் முத்துச்செல்வி. அரை மணி நேரத்தில் தொண்ணூற்றாறு குழாய்களும் இடம் மாறின. ஒவ்வொன்றையும் அவள் துடைத்து, எண் குறித்து வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "சார்கிட்ட நாமளே சொல்லிருவோம் மேடம். அவரா கண்டுபிடிச்சா ரொம்ப அசிங்கமாயிரும்."

போன் செய்தேன். சொன்னேன்.

"யாரைக் கேட்டு என் பூட்டை அறுத்தீங்க?" என்றார். வைத்துவிட்டார்.

5. திங்கட்கிழமை

துறைக் கூட்டம். நான் வழக்கமாக ஓரத்தில் உட்கார்ந்து மினிட்ஸ் எழுதுகிற ஆள். இராஜமாணிக்கம் சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார்.

"அந்த ஆர்டரை கேன்சல் பண்ணுங்க. அந்தப் பொண்ணோட ஒரு சாமானும் என் ரூமுக்குள்ள வரக்கூடாது. அப்பறம் மத்ததைப் பேசுவோம்."

தலைவர் நெற்றியைத் துடைத்தார். "சரி சார்... கொஞ்ச நாளைக்கு ஆர்டரை நிறுத்திவைப்போம்..."

கொஞ்ச நாளைக்கு! அன்றைக்குத்தான் அவள் சொன்ன திங்கட்கிழமை. கதவுக்கு வெளியே அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன்.

"சார், தப்பு என்னுது. ஒங்களுக்கு ஒரு போன் போடாம காலின்னு எழுதுனது நான். லைனை நிறுத்தவச்சது நான். இந்தா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருக்கேன். எனக்கு மெமோ குடுங்க, விளக்கம் கேளுங்க, என்ன வேணா செய்ங்க. தப்புப் பண்ணுனவ நான் இங்கன நிக்கிறேன், அந்தப் புள்ளையத் தூக்கி வராந்தாவுல போட்டா எந்த ஊரு நியாயம் சார்?"

கோபத்தில் பாதி, பயத்தில் பாதி பேசினேன். நிறுத்தாமல் தொடர்ந்தேன்: "ரூம் காலி இல்லதான், ஒத்துக்கிறேன். ஆனா பூராமும் புழக்கத்துல இருக்கான்னு வந்து பாருங்க. வாங்க, இப்பவே போவோம்."

எல்லாரும் பதினான்காம் அறைக்குப் போனோம். காசிமாயன் அண்ணன் டேப்பைப் பிடித்தார். மேடை இருபத்திரண்டு அடி. ஃபிரிட்ஜ் அடைத்த இடம் மூன்றடி. "ஒங்க கல்ச்சருக்கு மூணு அடி போதும் சார், அஞ்சா வச்சுக்கங்க. அந்தப் புள்ளைக்குத் தட்டு வைக்கப் பத்தடி. மிச்சமும் ஒங்களுக்கே."

"வெளியாளு உள்ள வந்து போனா கண்டாமினேஷன் ஆகும்" என்றார் சார்.

அப்போது கதவருகே நின்ற முத்துச்செல்வி பேசினாள். "சார், என் விதையால ஒங்க ஃபங்கஸுக்கு ஒண்ணும் ஆகாது. ஒங்க ஃபங்கஸு என் விதையில பட்டாத்தான் என் ட்ரையல் நாசமாப் போகும். பயப்பட வேண்டிய ஆளு நான் சார். நானே வாரேங்கிறேன்."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சார் உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"எம்புட்டு நாளைக்கும்மா?"

"தொண்ணூறு நாள் சார்."

"தொண்ணூத்தொண்ணாவது நாளு நான் பூட்டிருவேன்."

"பூட்டிக்கங்க சார்."

அன்று மாலைக்குள் விதைப் பாட்டில்கள் உள்ளே போயின.

6. தொண்ணூற்றாறில் ஆறு

எது பிழைத்தது, எது கெட்டது என்று பார்க்க, எல்லாக் கல்ச்சரையும் புது மீடியாவுக்கு மாற்ற வேண்டும். முத்துச்செல்வி தான் செய்வதாகச் சொன்னாள். "ஒன் வேலையப் பாரு தாயி, இது என் பாவம்" என்று சொல்லிவிட்டேன். எத்தனையோ வருஷம் கழித்து உருளைக்கிழங்கு வேக வைத்து, அகர் கலந்து, பஞ்சு அடைத்து, நானே மீடியா போட்டேன். சாரின் மாணவர் மாற்றிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் தொண்ணூறு குழாய்களில் பூஞ்சை படர்ந்திருந்தது. ஆறில் ஒன்றுமில்லை.

அந்த ஆறு எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு சார் அறைக்குப் போனேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். நேரமெடுத்துப் பார்த்தார்.

"இதுல நாலு போன தடவை மாத்தும்போதே வளரலம்மா. தூக்கிப்போட மனசு வரல, வச்சிருந்தேன்."

"மத்த ரெண்டு சார்?"

"அந்த ரெண்டும் ஒங்க கணக்கு."

சரி என்றேன். அவர் நினைத்திருந்தால் ஆறையும் என் தலையில் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. அதற்குப் பிறகு அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை கூடியது. அன்றிலிருந்து ஒரு வழக்கத்தையும் மாற்றினேன். நூல் அறாத அறையை, அதற்குரியவரைக் கூடவே வைத்துக்கொண்டு திறந்து, உள்ளே நின்று பார்த்த பிறகுதான் பதிவேட்டைத் தொடுவேன். வேலை மெதுவாக நடந்தது. நடக்கட்டும்.

7. எண்ணிச் சரிபார்த்தது

சார் முதலில் ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று பார்க்க வருவார். கதவைத் திறந்து விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். முப்பதாவது நாள் வாக்கில், தட்டுகளுக்கு முன்னால் நின்று, "பேரையூர் விதை தாக்குப் பிடிக்குதே" என்று முணுமுணுத்தார். பிறகு அறையின் மற்ற பக்கத்திலிருந்த சென்ட்ரிஃப்யூஜைக் கழிவுப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அவரே கடிதம் கொடுத்தார். அந்த இடத்தில் இன்னும் இரண்டு பேரை உட்கார வைத்தேன்.

தொண்ணூறாவது நாள். கடைசி எண்ணிக்கை. முளைத்த விதையை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒத்துப் பார்க்க வேண்டும். கூட எண்ணுகிற பெண்ணுக்கு அன்றைக்கென்று திருச்சியில் இன்டர்வியூ. முத்துச்செல்வி யாரைக் கூப்பிடுவது என்று தவித்துக்கொண்டிருந்தபோது, சார் லென்ஸை எடுத்துக்கொண்டு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். "நகரும்மா. நான் எண்ணுறேன்."

மூன்று மணி நேரம் எண்ணினார். ஒரு தட்டில் அவருக்கு அறுபத்தெட்டு, அவளுக்கு எழுபத்தொன்று. மறுபடி எண்ணி, "நீ சொன்னதுதான் சரி. எனக்குக் கண்ணு பத்தல" என்றார். அவளுடைய ரெக்கார்டு நோட்டில், 'எண்ணிச் சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தொண்ணூற்றொன்றாம் நாள் அவர் பூட்டுப் போட வரவில்லை.

கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது அவள் தீசிஸ் கொடுத்தாள். அன்றைக்கு நான் கே.கே. நகர் வீட்டுக்குப் போகிற வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன். என் மகள், "என்னம்மா, யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாள்.

வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு அவளுடைய அப்பாவும் அம்மாவும் கொட்டாம்பட்டியிலிருந்து வந்திருந்தார்கள். டாக்டர் முத்துச்செல்வி என்று அறிவித்து எல்லாரும் கை தட்டி முடித்த பிறகு, அவளுடைய அப்பா என்னிடம் வந்து, "மக வேலை பாத்த எடத்தக் காட்டுங்கம்மா" என்றார். கூட்டிக்கொண்டு போனேன். அப்போது அங்கே வேறொரு மாணவரின் சாமான்கள் இருந்தன. இதுதான் என்று மேடையைக் காட்டினேன். பத்தடி. கையை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் தடவிக்கொண்டே நடந்தார்.

அந்தம்மா, "இம்புட்டு எடத்துக்கா இவளை இந்தப் பாடு படுத்துனாக?" என்று கேட்டார்கள்.

"சும்மா இருடி" என்றார் அவர். "ஒன்றரை ஏக்கருக்கு நாம எம்புட்டு வருஷம் நின்னோம்? எடம் குடுக்கிறதுன்னா சும்மாவா?" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

நானும் கும்பிட்டேன். அடி அடியாக அளந்து கொடுத்த என் வேலை எவ்வளவு பெரிய வேலை என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. இதே நாற்காலியில் இனிமேல் உட்காரப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நீங்கள் எழுதுகிற ஒரு வரியில் ஒருவருக்கு இடம் கிடைக்கும், இன்னொருவருக்குப் போகும். இரண்டு பேரையும் நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்துக்கு அனுப்புங்கள்.